வலிப்பா மயக்கமா: பரிசோதனைக்கு மலையிறங்குமுன்

"பார்த்தது யாரு?"

கோவையில் நரம்பியல் மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கோத்தகிரியில் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஸ்கேன் கவர், ரத்தப் பரிசோதனைத் தாள், தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு என்று ஒரு மஞ்சப்பை நிறையக் காகிதம் கொண்டுபோயிருந்தோம். தம்பி தேயிலைக் காட்டில் விழுந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அம்மா ரேஷன் கடை வரிசையில். பார்த்தவர் பக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா. நாங்கள் கோவையில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும் அவர் கொழுந்துதான் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எங்களோடு வா என்று கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

"கை கால் இழுத்துக்கிச்சாம் சார், நுரை தள்ளுச்சாம், ரெண்டு நிமிசம் இருந்துச்சாம்" என்றேன்.

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "ஆம், ஆம்னு முடியற எதையும் நான் எழுதிக்க முடியாதும்மா. பார்த்தவங்களைப் போன்ல பிடிங்க."

சிக்னல் கிடைக்க அக்கா மேட்டுக்கு ஏறவேண்டியிருந்தது. நான்கு நிமிடம் பேசினார்கள். அந்த நான்கு நிமிடத்தில் மருத்துவர் எழுதியது ஒரு பக்கம்; எங்கள் மஞ்சப்பையிலிருந்து எழுதியது இரண்டு வரி.

அதற்குப் பிறகு எங்கள் லைனிலும் (தோட்டத்துக் குடியிருப்பு வரிசை) பக்கத்து ஹட்டியிலும் (படுகர் ஊர்) மூன்று நான்கு பேருக்குத் துணைக்குப் போயிருக்கிறேன். எல்லாருமே ஒரே நினைப்பில்தான் கிளம்புகிறார்கள்: கீழே பெரிய மெஷின் இருக்கிறது, தலையை அதற்குள் விட்டால் வலிப்பு இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். அப்படி ஒரு மெஷின் கிடையாது. பார்த்தவர் சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். மெஷின்கள் அந்த முடிவைத் தாங்கிப் பிடிக்கும், சில நேரம் திருத்தும். ஆகவே வேலை மலையிலேயே, விழுந்த இடத்திலேயே தொடங்குகிறது.

விழுந்த அந்த நிமிடங்கள்

முதலில் மணி பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் அரை மணி நேரமாகத் தெரியும்; "ரொம்ப நேரம் இழுத்தது" என்ற பேச்சு யாருக்கும் உதவாது.

ஆளை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மஃப்ளர், கழுத்துப் பட்டன், கொழுந்துக் கூடையின் பட்டை எதுவாக இருந்தாலும் தளர்த்துங்கள். தலைக்கடியில் ஒரு ஸ்வெட்டரை மடித்து வையுங்கள். சரிவான இடமென்றால் கீழ்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து, உருளாமல் பார்த்துக்கொண்டால் போதும். கை காலை அமுக்கிப் பிடிக்கவேண்டாம். வாயில் துணி, கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். சாவிக்கொத்து வேண்டவே வேண்டாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அதற்குள் யாரோ கையில் இரும்பைத் திணித்துவிடுவதால் நல்ல பெயரை இரும்பு வாங்கிக்கொள்கிறது.

5 நிமிடம் தாண்டினாலும், தெளிவு வராமல் அடுத்தது தொடங்கினாலும் 108. கர்ப்பிணி என்றால் (20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து), தலையில் அடிபட்டிருந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்திருந்தால், சர்க்கரை நோயாளி என்றால், தண்ணீரில் விழுந்திருந்தால் 5 நிமிடம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம், உடனே அழையுங்கள். வாழ்க்கையில் முதல் முறை வந்தது என்றால், தானாக நின்றுவிட்டாலும் அன்றே ஒரு மருத்துவர் பார்க்கவேண்டும். ஆம்புலன்ஸ் லைன் வரை வராத தோட்டங்கள் உண்டு. ஒருவரைத் தார்ச்சாலை வளைவில் நிறுத்திவிட்டு, தோட்டத்து ஜீப்பையோ ஆட்டோவையோ அந்த இடம் வரைக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டாவது ஆள் இருந்தால் அவர் செய்யவேண்டிய ஒரே வேலை போனில் வீடியோ எடுப்பது. கூச்சப்படாதீர்கள், இது வாட்ஸ்அப்பில் போடுவதற்கல்ல. முகமும் கைகால்களும் ஒன்றாகத் தெரியும்படி, வெளிச்சம் உள்ள பக்கமிருந்து எடுங்கள். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வருகிறதா என்பதும் பதிவாகட்டும். துடிப்பு நின்றதும் வீடியோவை நிறுத்திவிடுகிறோம், அங்கேதான் பிழை. தெளியும் நேரமும் முக்கியம். எந்தக் கை சோர்ந்திருக்கிறது, பேச்சு குழறுகிறதா, நம்மை அடையாளம் தெரிகிறதா என்பதை வைத்து மூளையின் எந்தப் பக்கம் தொடங்கியிருக்கும் என்று மருத்துவர்கள் ஊகிப்பார்கள்.

'ஆம்' இல்லாமல் எழுதுவது

அன்று சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டில், பார்த்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் லைன் முழுக்கப் பேசிய கதை அவர் நினைவோடு கலந்துவிடும்.

சொற்களில் கவனம் வேண்டும். நம்மூரில் 'இழுப்பு' என்றால் சிலருக்கு வலிப்பு, சிலருக்கு மூச்சிழைப்பு. 'கை கால் இழுத்துக்கிச்சு' என்றால் பக்கவாதம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். 'மயக்கம்' என்ற ஒரே சொல்லில் தலைசுற்றல், குமட்டல், நினைவு தப்புவது மூன்றையும் அடக்கிவிடுகிறோம். குழந்தை என்றால் 'ஜன்னி'. போதாக்குறைக்கு 'பிட்ஸ்'. இந்தப் பெயர்கள் எதையும் எழுதவேண்டாம். கண்ணில் பட்டதை எழுதுங்கள்: "வலது கை முதலில் விறைத்தது, பிறகு முகம் வலப்பக்கம் திரும்பியது, பிறகு உடம்பு முழுக்கக் குலுங்கியது."

விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? நின்றாரா, உட்கார்ந்திருந்தாரா, தூங்கினாரா? கண் இருட்டிக்கொண்டு வந்தது, வேர்த்தது என்று சொல்லிவிட்டுச் சரிந்தாரா? வெயிலில் வெகுநேரம் நின்று, முகம் வெளுத்து, துவண்டு சரிந்து, படுத்த ஒரு நிமிடத்துக்குள் தெளிவாகப் பேசினால் அது பெரும்பாலும் வெறும் மயக்கம். அப்படி மயங்கியவர்களுக்கும் சில நொடி கைகால் வெட்டும். அதைப் பார்த்துத்தான் வலிப்பு என்று பயந்துவிடுகிறோம். மரம்போல் விறைத்து விழுந்தார், உதடு நீலம் பாரித்தது, நாக்கின் ஓரம் கடிபட்டது, அரை மணி நேரம் ஆளே தெரியாமல் விழித்தார் என்றால் வலிப்பின் பக்கம் கணக்கு சாயும். சிறுநீர் போவது இரண்டிலும் உண்டு, அதை வைத்து மட்டும் முடிவு கட்டமுடியாது.

எல்லா வலிப்பும் விழவைக்காது என்பதுதான் புதியவர்களுக்குத் தெரியாத விஷயம். தம்பிக்கு இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் கை வெட்டும். டீ டம்ளர் எகிறும். "கைல உறுதி இல்லடா" என்று அம்மா திட்டுவாள். அதை நாங்கள் நோட்டில் எழுதவே இல்லை. மருத்துவர் துருவிக் கேட்டபோதுதான் வந்தது. நோயின் வகையைக் காட்டிக்கொடுத்ததே அந்த டம்ளர்தான். சில பிள்ளைகள் வகுப்பில் பத்து நொடி அப்படியே வெறித்து நிற்கும், டீச்சர் கவனமில்லை என்று எழுதி அனுப்புவார். சிலருக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கும், இல்லாத நாற்றம் அடிக்கும், உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு சட்டைப் பட்டனை நோண்டுவார்கள், பிறகு எதுவும் நினைவிருக்காது. இந்தக் கடைசி வகைக்குத்தான் சாமி, காத்துக் கருப்பு என்று அலைச்சல் அதிகம். கோயிலுக்குப் போவது அவரவர் நம்பிக்கை. போகிற வழியில் வீடியோ மட்டும் எடுத்துவிடுங்கள்.

மலைக்காரர்கள் சொல்ல மறப்பவை

கீழே இருக்கும் மருத்துவருக்கு நம் வீட்டுக் குளிர் தெரியாது. கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்லவேண்டியவை சில உண்டு.

தைலம். நீலகிரித் தைலம் இல்லாத வீடு இங்கே இல்லை. சளி பிடித்தால் நெஞ்சில், தலைவலி வந்தால் நெற்றியில், ஆவி பிடிக்கும் தண்ணீரில் நாலு சொட்டு. யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்று தென்னிந்திய மருத்துவமனைகளிலிருந்தே ஆய்வுகள் வந்திருக்கின்றன. குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் அது விஷம்தான், உடனே ஆஸ்பத்திரி. பூசியோ முகர்ந்தோ சற்று நேரத்தில் வலிப்பு வந்திருந்தால் எந்தத் தைலம், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதி, குப்பியையும் கொண்டுபோங்கள். ஊர் சரக்கைக் குறை சொல்கிறேன் என்று தைலக் கடை வைத்திருக்கும் சித்தப்பா கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

வெந்நீர். தலைக்குச் சுடச்சுட வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றும்போது வரும் வலிப்பு என்று ஒரு தனி வகையே இருக்கிறது. உலகிலேயே தென்னிந்தியாவிலிருந்துதான் அதிகம் பதிவாகியிருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். மற்ற நேரத்தில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. (மூளை அலைப் பதிவு) பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதால், 'குளிக்கும்போது வந்தது' என்ற ஒரு வரியை விட்டுவிட்டால் விஷயமே நழுவிவிடும்.

கரி அடுப்பு. மார்கழி உறைபனியில் அறையைச் சாத்திக்கொண்டு கங்குச் சட்டியை வைத்துப் படுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு, மரணம் வரை போகும். ஒரே அறையில் படுத்த இருவருக்கு ஒரே நேரத்தில் உடம்பு முடியவில்லை என்றால் முதலில் கதவைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவாருங்கள், பிறகு 108, பிறகு மற்றதெல்லாம்.

குடி. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும் வலிப்பு குடியை விட்டதால் வரும் வலிப்பாக இருக்கலாம். பொண்டாட்டி முன்னால் சொல்லமாட்டார்கள். மருத்துவரிடம் தனியாகச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இதோடு இரவு தூக்கம் கெட்டதா, தோட்டத்தில் மருந்து அடித்த நாளா, வலிக்கோ மனநலத்துக்கோ காசநோய்க்கோ ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது அழுதாரா, சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா, சொந்தத்தில் யாருக்காவது இருக்கிறதா என்பதற்குப் பெரியவர்களைக் கேளுங்கள். பெண் எடுக்கும் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று சொந்தத்தில் மறைப்பார்கள். இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். நம் வீடுகளிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

எங்கே போவது

முதல் முறை என்றால் பக்கத்து அரசு மருத்துவமனையே போதும்: கோத்தகிரி, குன்னூர், கூடலூர், எது அருகிலோ அது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பார்த்துச் சீட்டு எழுதி மேலே அனுப்பினாலும் சரி. அதற்கடுத்த படி உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது கோவை ஜி.எச். என்று நாம் சொல்லும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிட சுல்தான் பத்தேரியும் கோழிக்கோடும் கைக்கெட்டும். அங்கே போனாலும் தவறில்லை, ஆனால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனையாக இருந்தாலும் நரம்பியல் ஓ.பி. எந்தக் கிழமை, ஈ.ஈ.ஜி. எந்தக் கிழமை என்று போன் செய்து கேட்ட பிறகே பஸ் ஏறவேண்டும். நாங்கள் ஒருமுறை கேட்காமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அன்னபூர்ணாவில் காபி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. வாந்திக்குப் பயந்து கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் வழக்கம். அந்த மாத்திரைகளில் சில தூக்கம் தரும், சில வலிப்பைத் தூண்டவும் கூடும். கேட்காமல் போடாதீர்கள். ஏற்கனவே வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் அதை வளைவில் வாந்தியெடுத்துவிட்டால் எத்தனை மணிக்கு என்று குறித்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய அன்றைய கூலியை நீங்கள் கொடுங்கள். ஒரு ஸ்கேனுக்கு ஆகும் செலவில் அது ஒரு மூலைக்கும் வராது.

ரத்தமும் நெஞ்சும்

ரத்தத்தில் சர்க்கரை, சோடியம், கால்சியம், சிறுநீரகம் பார்ப்பார்கள். சர்க்கரை இறங்கினாலோ உப்பு குறைந்தாலோ வரும் வலிப்புக்கு வலிப்பு நோய் என்று பெயர் கிடையாது. காரணத்தைச் சரிசெய்தால் போதும். காய்ச்சலோடு வந்து மூளைக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். அதில் கை கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அந்த இடத்தில் தண்டுவடமே முடிந்திருக்கும், நரம்பு வேர்கள்தான் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை காய்ச்சலில் ஒருமுறை சற்று நேரம் வந்துபோகும் சாதாரண வலிப்புக்கு ஈ.ஈ.ஜி.யோ ஸ்கேனோ பொதுவாகத் தேவைப்படாது.

நெஞ்சுக்கு எடுக்கும் ஈ.சி.ஜி.யை யாரும் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். இதயத் துடிப்பு சில நொடி தாறுமாறானாலும் ஆள் விழுந்து கைகால் வெட்டும். ஓடும்போது விழுந்தவர், வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருந்தவர் கட்டாயம் எடுக்கவேண்டும். செலவு குறைவு, ஐந்து நிமிட வேலை.

ஈ.ஈ.ஜி.: எண்ணெய், தூக்கம், காட்டெருமை

தலைக்குக் கரண்ட் வைப்பார்கள் என்று பயந்து வராமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈ.ஈ.ஜி.யில் உள்ளே எதுவும் போகாது. மூளை தானாகவே உண்டாக்கும் மிகச் சிறிய மின்சாரத்தைத் தலைத்தோலின் மேல் ஒட்டவைத்த 21 சின்னச் சின்ன வட்டுகள் எடுத்துப் பதிவுசெய்கின்றன. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலாக மனிதருக்கு எடுத்தது. நூறு வருடப் பழைய சங்கதி, வலி கிடையாது.

வலி இல்லை, ஆனால் முன்தயாரிப்பு உண்டு. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வட்டு ஒட்டாது. தம்பியை முதல் தடவை கூட்டிப்போன அன்று, விடியற்காலை குளிரில் பிள்ளையின் தலை காய்கிறதே என்று அம்மா உறைந்த தேங்காயெண்ணெயை அடுப்பில் காட்டி உருக்கி, நன்றாகத் தேய்த்துவிட்டிருக்கிறாள். அங்கே டெக்னீஷியன் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே அனுப்பினார். கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கி, ஆஸ்பத்திரிக் குழாயில் தலையைக் கழுவி, காய்வதற்குள் எங்கள் முறை போய்விட்டது. அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. முந்தின நாள் சாயங்காலமே ஷாம்பு போட்டு அலசி, ஈரமில்லாமல் காயவிடுங்கள். பூ, ஹேர்பின், சவுரி வேண்டாம்.

வெறும் வயிற்றோடு போகக்கூடாது. பசியில் சர்க்கரை இறங்கினால் அலைகளே மாறும். இட்லியோ களியோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அன்று காலை டீ, காபி மட்டும் வேண்டாம் என்பார்கள். டீத்தூளிலேயே வாழ்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கொடுமைதான். தினம் சாப்பிடும் வலிப்பு மாத்திரையை, 'பரிசோதனை இருக்கிறதே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிலரை முந்தைய இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கச் சொல்வார்கள், அல்லது தூங்கவே வேண்டாம் என்பார்கள். களைப்பிலும் தூக்கத்திலும்தான் கோளாறான அலைகள் தலைகாட்டும். நம் சிக்கல் பஸ். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, குஞ்சப்பனை தாண்டுவதற்குள் ஜன்னலில் சாய்ந்து குறட்டை விட்டால் விழித்திருந்தது அத்தனையும் வீண். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர ஒரு ஆள் தேவை. தூக்கம் கெடுவதே வலிப்பை வரவழைக்கலாம் என்பதால் தனியாக அனுப்பவும் கூடாது. முடிந்தால் முந்தின நாளே இறங்கி, கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

உள்ளே படுக்கவைத்து, கண்ணைத் திற, மூடு என்பார்கள். மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச்சொல்வார்கள். குழந்தைகளுக்குக் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச்சொல்வார்கள். பளிச் பளிச்சென்று ஒரு விளக்கு மின்னும். பதிவு 20 முதல் 30 நிமிடம்தான். இந்த இடத்தில் நம் மலைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தச்சோகை (ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோய் உள்ளவர்கள் வேகமூச்சுப் பயிற்சியைச் செய்யக்கூடாது. மூளைக்கு ரத்தம் குறைந்து ஆபத்தாகலாம். பணியர், இருளர், குறும்பர் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் ரத்தப் பரிசோதனை அட்டை வைத்திருந்தால் டெக்னீஷியனிடம் முதலிலேயே காட்டுங்கள். பக்கவாதம், இதய நோய், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களும் அப்படியே.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தால் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. நார்மலாக வரும். தூக்கத்தோடு திரும்பத் திரும்ப எடுத்தால்தான் எண்பது விழுக்காடு வரை பிடிபடும். அரை மணி நேரம் தேயிலைக் காட்டில் நின்று காட்டெருமை கண்ணில் படவில்லை என்றால், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமையே கிடையாது என்று நாம் சொல்வோமா? மறுபக்கமும் உண்டு. வாழ்நாளில் வலிப்பே வராதவர்கள் சிலருக்கும் கோளாறான அலை தெரியும். ரிப்போர்ட்டை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கச் சொன்னால், "வந்தது வலிப்புதான்னு எதை வெச்சு சொல்றீங்க டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்கலாம்.

ஸ்கேன்

அவசரத்தில் எடுப்பது சி.டி.; ரத்தக்கசிவு, பெரிய கட்டி, அடி தெரியும், சில நிமிடத்தில் முடியும். வலிப்பின் காரணத்தை நிதானமாகத் தேட எம்.ஆர்.ஐ. 'வலிப்புக்கான எம்.ஆர்.ஐ.' என்று சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பொட்டுப் பக்கத்து மூளைமடலை மெல்லிய துண்டுகளாக எடுத்தால்தான் அங்கே உள்ள சின்னத் தழும்பு தெரியும். அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்கவேண்டும், தகர ஷெட்டில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் சத்தம் கேட்கும். உலோகம் எதுவும் கூடாது. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் முந்தின நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். மூக்குத்தி திருகு இறுகிப்போயிருந்தால் அதையும் ஊரிலேயே கழற்றிவிடுங்கள். பேஸ்மேக்கர், உடைந்த எலும்புக்கு வைத்த கம்பி இருந்தால் முன்கூட்டிச் சொல்லவேண்டும்.

ஸ்கேனில் சின்னப் புள்ளியாக நாடாப்புழுவின் கூடு தெரிந்தால், "நாங்க பன்னிக்கறி தொடறதே இல்ல" என்று சண்டைக்குப் போகிறார்கள். மூளைக்குப் போவது கறியிலுள்ள புழு இல்லை. மனித மலத்தோடு வெளியேறும் முட்டை. அது மண்ணிலும் அழுக்குத் தண்ணீரிலும் இருந்து பச்சைக் காய்கறி வழியாக, கழுவாத கை வழியாக வயிற்றுக்குள் போகிறது. சுத்த சைவத்துக்கும் வரும். வயலில் பிடுங்கிய கேரட்டை வேட்டியில் துடைத்துக் கடிக்கும் ருசி எனக்கும் தெரியும். நல்ல தண்ணீரில் கழுவிக் கடியுங்கள். புழுவுக்கு மருந்து உண்டு. ஆனால் கடையில் குடற்புழு மாத்திரை வாங்கித் தானாகப் போடக்கூடாது, மூளை வீங்கலாம்.

பெயர் வைக்கும் நாள்

எல்லாத் தாள்களும் வந்த பிறகு மருத்துவர் எடைபோடுவார். ஒரு காரணமும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்திருந்தால் வலிப்பு நோய் என்பது பழைய கணக்கு. வலிப்பு நோய்க்கான பன்னாட்டுக் கழகம் 2014-ல் இதை விரித்தது. ஒரே முறைதான் வந்திருக்கிறது, ஆனால் ஈ.ஈ.ஜி.யையும் ஸ்கேனையும் பார்த்தால் அடுத்த 10 ஆண்டில் மறுபடி வர 60 விழுக்காட்டுக்குக் குறையாத வாய்ப்பு என்றால் அதுவும் வலிப்பு நோயே. மற்றபடி, ஒரு முறை மட்டும் வந்தவர்களில் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி வருவது நூற்றில் 21 முதல் 45 பேருக்குத்தான். அதனால் "மாத்திரை வேண்டாம், பார்ப்போம்" என்று ஒரு மருத்துவர் அனுப்பினால் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று பொருள் இல்லை.

மூன்று கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். இது எந்த வகை வலிப்பு? காரணம் தெரிந்ததா? அடுத்த முறை வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்? வகை முக்கியம், ஏனென்றால் ஒரு வகைக்கு நல்லதான மாத்திரை இன்னொரு வகையை மோசமாக்கும். தம்பிக்குத் தோட்ட ஆஸ்பத்திரியில் தொடங்கிய மாத்திரையைக் கோவையில் மாற்றினார்கள். குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால் அதையும் மாத்திரை தேர்ந்தெடுக்கும்போதே பேசவேண்டும்.

மாத்திரைக்கும் அடங்கவில்லை, அல்லது வலிப்புதானா என்றே சந்தேகம் என்றால் அடுத்த படி வீடியோ ஈ.ஈ.ஜி. ஆஸ்பத்திரியில் சில நாள் படுக்கவைத்து, கேமராவும் மூளை அலையும் ஒன்றாகப் பதிவாகும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை, பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் செய்கிறார்கள். மன அழுத்தத்தால் வரும், வலிப்புபோலத் தோன்றும் துடிப்புகள் இதில்தான் தெளிவாகும். அப்படி முடிவு வந்தால் "நடிக்கிறா" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அது நடிப்பு கிடையாது. அதற்கு வைத்தியம் வேறு, அவ்வளவுதான்.

விடை வரும்வரை

பைக் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் படிவத்தில் வலிப்பு உண்டா என்று கேள்வியே இருக்கிறது. இந்த வளைவுகளில் அந்தக் கேள்விக்குப் பொய் எழுதுவது எதிரே வருகிறவருக்கும் சேர்த்து எழுதுவது. விறகடுப்புப் பக்கம் தனியாக உட்காரவிடாதீர்கள். குளிக்கும்போது தாழ்ப்பாள் வேண்டாம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மரமேறிக் கிளை கழிக்கும் வேலை, மருந்தடிக்கும் வேலையை மாற்றித்தரச் சொல்லி மேஸ்திரியிடம் பேசுங்கள். கொழுந்து எடுப்பதில் தடையில்லை, துணைக்கு ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தால் சரி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவேண்டாம், டீச்சரிடம் சொல்லிவைத்தால் போதும்.

தேதி கிழிக்கும் காலண்டர் எங்கள் வீட்டில் இப்போது கிழிப்பதில்லை. மாதக் காலண்டர் மாட்டியிருக்கிறோம். கை வெட்டிய நாளுக்கு ஒரு புள்ளி, விழுந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாத்திரை மறந்த நாளுக்கு ஒரு வட்டம். நோட்டின் முதல் பக்கத்தில் அக்காவின் போன் நம்பர் இருக்கிறது. இரண்டாம் முறை கோவைக்கு அவரும் வந்தார். "நான் பார்த்தேன் சார்" என்று அவர் ஆரம்பித்ததும் மருத்துவர் பேனாவைத் திறந்தார்.